ஓபன் ஜி-யிலேயே இருப்பதா, ஓபன் டி-க்குப் போவதா, சி6-க்குத் தாவுவதா?

களியக்காவிளையில் நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் மாடி அறைக்கு, இந்த ஆண்டு இடவப்பாதி மழை பிடித்த பிறகு மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். மூவரிடமும் ஆறு தந்தி லேப் ஸ்டீல் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் ஹவாயன் கிட்டார் என்றுதான் சொல்வார்கள். மடியில் கிடத்தி, இடக்கையில் ஓர் எஃகுத் துண்டை வைத்துத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது. மூவரும் ஓபன் ஜி-யில் பழகியவர்கள்; அதாவது துண்டை வைக்காமல் எல்லாத் தந்தியையும் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு (மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) கேட்கும்படி சுருதி சேர்த்த டியூனிங்கில். வேறு டியூனிங்குக்கு மாறுவதென்றால் எதற்கு மாறுவது?

முதல் ஆள் பாறசாலையிலிருந்து வரும் கல்லூரி மாணவன். ஞாயிறு காலை ஆராதனையில் கீபோர்டு, பேஸ் கிட்டாரோடு உட்கார்ந்து வாசிக்கிறான். உற்சவக் காலத்தில் கானமேளாக் குழு ஒன்றிலும் போகிறான். "அண்ணா, மேஜர் எல்லாம் பட்டுப்போல வருகிறது. மைனர் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது" என்றான். (மைனர் என்பது காந்தாரம் தாழ்ந்த கார்டு.) இரண்டாமவர் மார்த்தாண்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். கீர்த்தனைகளை ராகம் கெடாமல் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்றாமவர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். விடிவதற்குள் வெட்டு முடித்துவிட்டு, மாலையில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் தனி ஆளாக வாசிக்கிறார். துணைக்குக் கைத்தாளம் மட்டும்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையாவது கெடுத்திருப்பேன்.

எதை வைத்து எடைபோடுவது

டியூனிங்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சி, டி, எஃப் ஷார்ப் என்று எழுத்துகளில் தலை சுற்றும். ஸ்வரமாகச் சொல்லிவிட்டால் பாதி குழப்பம் தீரும். தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை, ஓபன் ஜி என்பது ப ஸ ப ஸ க ப. ஓபன் டி என்பது ஸ ப ஸ க ப ஸ. சி6 என்பது ஸ க ப த ஸ க. இந்த மூன்று வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாவற்றையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நான் பார்ப்பவை ஐந்து. முதலாவதும் பெரியதும், நீங்கள் வாசிப்பது கார்டா மெட்டா என்பது. எங்கள் பக்கத்துச் சபைகளில் இந்தக் கேள்விக்குத் தெளிவான உருவம் உண்டு. பாமாலைப் பாட்டுகள் ஜெர்மன், ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் இட்டவை. நான்கு குரலில் பாடுவதற்காக எழுந்த மெட்டுகள் அவை. அடிக்கு அடி கார்டு மாறும். கீர்த்தனைகள் வேறு வழியில் வந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகம், தாளம் குறித்து எழுதிய மரபு அது. அங்கே கார்டு துணைக்கு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பாட்டு நிற்கும். ஒரே ஆராதனையில் இரண்டும் வரும் என்பதுதான் நமக்குத் தலைவலி.

இரண்டாவது, பாடுகிறவரின் கட்டை. 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. ஆண்கள் பெரும்பாலும் 1, 2 கட்டைப் பக்கம் பாடுவார்கள்; பெண்கள் 5 கட்டைக்கு முன்னும் பின்னும். திறந்த தந்திகள் பாடுகிறவரின் ஸ-வோடு ஒத்துப்போனால் தம்புராவும் மடியிலேயே வந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் வெறும் தந்தி எதையும் தொட முடியாது.

மூன்றாவது, மைனர் பாட்டுகள் எத்தனை. நான்காவது, கூட யார் வாசிக்கிறார்கள். பேஸ் இருக்கிறதா, தனி ஆளா. ஐந்தாவது, மாறுவதற்கு ஆகும் செலவு: தந்தி, நட் (தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு), பழகும் நாள். கடையில் தந்தி விலையைக் கேட்டுவிட்டு எல்லாச் செலவும் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படித்தான் இருந்தேன்.

ஓபன் ஜி: இருந்த இடத்திலேயே இருப்பது

டி ஜி டி ஜி பி டி. சாதாரண கிட்டாரிலிருந்து வருபவருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. நடுவிலுள்ள டி, ஜி, பி மூன்றும் அப்படியே இருக்கும். மற்ற மூன்றை இரண்டிரண்டு அரைச்சுரம் (கிட்டாரில் ஒரு கோட்டுத் தூரம் ஓர் அரைச்சுரம்) இறக்கினால் போதும். எந்தத் தந்தியையும் ஏற்ற வேண்டாம் என்பதால் பழைய மரக் கிட்டாருக்கு நட்டை உயர்த்தி லேப் ஸ்டீலாக்கியவர்களும் பயமின்றி வைத்துக்கொள்ளலாம்.

ஜி பி டி ஜி பி டி என்று இன்னொரு வகை உண்டு. டோப்ரோ என்ற உலோக வட்டு பொருத்திய கிட்டார் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புறக்காரர்கள் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஸ க ப, மறுபடி ஸ க ப என்று அடுக்கு இரண்டு தடவை வருவதால் வேகமான விரல் ஓட்டத்துக்கு அது வசதி. நம் பாட்டுகளுக்கு அந்த வேகம் அரிதாகவே தேவைப்படுகிறது. அடியில் ஆழமான ப இருப்பதே எனக்கு உவப்பு.

குறை எங்கே என்றால், முதல் தந்தி ப. நம் மெட்டுகள் ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை ஏறி இறங்கும் பழக்கமுள்ளவை. முதல் தந்தியில் ஸ 5ஆம் கோட்டில் (பலகையில் ஸ்வர இடம் காட்டும் ஃப்ரெட் கோடு) இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் மேல் ஸ 17ஆம் கோட்டில். அந்த உயரத்தில் கோடுகள் நெருங்கிவிடும், எஃகுத் துண்டு ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போய்விடும். ஆகவே இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்கு இறங்கி இறங்கி வாசிக்க வேண்டும். ஒரே தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் குரல்போன்ற சுகம் நடுநடுவே அறுபடும்.

மைனருக்கு வருவோம். ஜி, பி, டி மூன்றில் நேராகத் துண்டை வைத்து மைனர் கார்டு எடுக்க வழியில்லை. ஆனால் பாறசாலை மாணவனிடம் நான் சொன்ன ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஈ மைனர் என்றால் ஈ, ஜி, பி. உங்களிடம் மூன்றாம் தந்தியில் ஜி-யும் இரண்டாம் தந்தியில் பி-யும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த இரண்டை மட்டும் நீங்கள் மீட்டி, கீபோர்டு ஈ-யைப் பிடித்தால் கேட்பவர் காதில் முழு மைனராகவே விழும். 5ஆம் கோட்டில் அதே இரண்டு தந்தி ஏ மைனர், 7ஆம் கோட்டில் பி மைனர். கூட ஒருவர் அடிச்சுரத்தைப் பிடிக்க இருந்தால் இது போதும். தனியாக வாசிக்கும் குலசேகரத்துக்காரருக்கு இது உதவாது. அங்கே ஈ-யைப் பிடிக்க ஆளில்லை.

5 கட்டையில் பாடும் பெண்கள் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்களும், பழகி ஆறு மாதம் ஆகாதவர்களும் ஜி-யை விடவேண்டாம். மாறுவதற்கான காரணம் உங்கள் கைக்கே தெரியும் வரை பொறுத்திருக்கலாம்.

ஓபன் டி: பக்கத்து வீடு

டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி. ஜி-யிலிருந்து இதற்கு மாற மூன்று தந்திகளைத் தொட்டால் போதும்: ஐந்தாவதை இரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டும், மூன்றாவதை ஒன்று, இரண்டாவதை இரண்டு இறக்க வேண்டும். புதுத் தந்தி தேவையில்லை. பாட்டுக்கும் வேதவாசிப்புக்கும் இடையில், கிட்டார் தலையில் கவ்வும் டியூனர் இருந்தால், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஜி-யில் ஐந்திலிருந்து ஒன்று வரை உள்ள தந்திகளைப் பாருங்கள்: ஸ ப ஸ க ப. டி-யில் ஆறிலிருந்து இரண்டு வரை: ஸ ப ஸ க ப. அதே அடுக்குதான். எல்லாம் ஒரு தந்தி தள்ளி உட்கார்ந்திருக்கிறது, மேலே போனஸாக ஒரு ஸ. ஆகவே ஜி-யில் முதல் தந்தியில் வாசித்ததை டி-யில் இரண்டாம் தந்தியில் வாசியுங்கள். இடக்கை நகரும் கோடுகள் மாறவே மாறாது. வலக்கை விரல் மட்டும் ஒரு தந்தி இடம்பெயர வேண்டும். எனக்கு இது வசப்பட மூன்று வாரம் ஆயிற்று. அதிலும் முதல் வாரம் முழுவதும் விரல் பழைய தந்தியைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. காலியான பழைய வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றுவதுபோல.

அந்தப் போனஸ் ஸ-தான் கீர்த்தனைக்காரர்களுக்குப் புதையல். முதல் தந்தியில் வெறுமனே மீட்டினால் ஸ, 7ஆம் கோட்டில் ப, 12இல் மேல் ஸ. ஒரு ஸ்தாயி முழுவதும் ஒரே தந்தியில், கை பதறாத இடத்தில். ஸ-வும் ப-வும் கமகம் கேட்காத ஸ்வரங்கள் என்பதால் வெறும் தந்தியில் அவை ஆடாமல் நிற்பதும் பொருத்தமே. அசைய வேண்டிய ரி, க, ம எல்லாம் துண்டின் கீழ் வருகின்றன. 2 கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு அப்படியே சேரும். 1 கட்டை, ஒன்றரைக் கட்டை என்றால் எல்லாத் தந்தியையும் சமமாக இறக்கிக்கொள்ளலாம், அடுக்கு கெடாது.

சங்கராபரணம், மோகனம், ஹம்சத்வனி, மாயாமாளவகௌளை எதுவானாலும் மூன்றாம் தந்தியிலுள்ள அந்தர காந்தாரம் சேர்ந்து ஒலித்து அழகு கூட்டும். கரகரப்ரியாவோ ஆபேரியோ சுத்த தன்யாசியோ வந்தால் அதே தந்தி வில்லன். சாதாரண காந்தாரத்தை நீங்கள் துண்டால் இழைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அந்தர காந்தாரம் தானாக அதிர்ந்துகொண்டிருக்கும். கேட்பவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது. ஏதோ தவறு என்று மட்டும் தெரியும். ஆசிரியர் இரண்டு மாதமாகத் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கை சரியாகத்தான் இருந்தது. ஜி-யில் இருந்தபோது அதே காந்தாரம் இரண்டாம் தந்தியில் இருந்து படுத்தியது.

மருந்து எளிது. மூன்றாம் தந்தியை ஓர் அரைச்சுரம் இறக்கி எஃப் ஆக்கினால் சாதாரண காந்தாரம். ஓர் அரைச்சுரம் ஏற்றி ஜி ஆக்கினால் மத்தியமம், காந்தாரச் சண்டையே இல்லை. கோட்டுவாத்தியம் என்ற சித்திரவீணை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் வழுக்கு வாத்தியம். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றவர்கள் கையில் மேடை கண்டது. வீணையைப் போலவே அதன் சுருதியும் ஸ-வையும் ப-வையும் ஆதாரமாகக் கொண்டது, காந்தாரத் தந்தி வைத்துக்கொண்டு யாரும் அவதிப்படவில்லை. ஹவாயில் ஜோசப் கெக்குக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டார்த் தந்திமேல் எஃகைத் தேய்த்தபோது அவருக்கு வேண்டியிருந்தது மேஜர் கார்டு. நமக்கு வேண்டியது வேறு. ஹிந்தோளம் வாசிப்பவர் ப தந்தியையும் கவனிக்க வேண்டும், அந்த ராகத்தில் பஞ்சமமே கிடையாது. அன்று வலது உள்ளங்கையால் அந்தத் தந்திகளை அமுக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

மறைந்த செலவு ஒன்று. மூன்றாம் தந்தியை அடிக்கடி ஏற்றி இறக்கினால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். அதை மட்டும் தனியாக இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஓபன் ஈ பற்றி. டி-யின் அதே அடுக்கு, இரண்டு அரைச்சுரம் மேலே. இன்னும் பளிச்சென்று கேட்கும். உடல் கெட்டியான மின் லேப் ஸ்டீலில் வைத்துக்கொள்ளுங்கள். மரக் கிட்டாரில் வேண்டாம். சாதாரண டியூனிங்கிலிருந்து ஈ-க்குப் போக நடுவிலுள்ள மூன்று தந்திகளை ஏற்ற வேண்டும். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் இரண்டு அரைச்சுர ஏற்றத்துக்குச் சுமார் 26 சதவீதம் விசை கூடுகிறது. துலாவர்ஷ (ஐப்பசி மழை) ஈரத்தில் பசை இளகியிருக்கும் நேரத்தில் அந்த விசை என் முதல் கிட்டாரின் பிரிட்ஜைப் பலகையோடு பெயர்த்துக் கொடுத்தது.

சி6: புது ஊர்

சி ஈ ஜி ஏ சி ஈ. ஸ க ப த ஸ க. ரிஷபம் இல்லாத மோகனம் என்று சொல்லலாம். ஏ-யை ஸ-வாக வைத்துக் கேட்டால் மத்தியமம் இல்லாத சுத்த தன்யாசி. இந்த இரட்டை முகம்தான் இதன் முழு வித்தை.

ஆறு, ஐந்து, நான்காம் தந்திகள் சி மேஜர். மூன்று, இரண்டு, ஒன்று ஏ மைனர். துண்டை நேராக 5ஆம் கோட்டில் வைத்தால் எஃப் மேஜரும் டி மைனரும். 7ஆம் கோட்டில் ஜி மேஜரும் ஈ மைனரும். சி ஸ்கேலில் வரும் மூன்று மேஜர், மூன்று மைனர் ஆறும், துண்டை மூன்றே இடங்களில் வைத்து, எங்கும் சாய்க்காமல் கிடைக்கின்றன. பாமாலையும் மலையாளத் திரைப்பாட்டும் வாசிக்கும் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. பாறசாலை மாணவன் இதைக் கேட்டதும் அன்றே தந்தி வாங்கக் கிளம்பினான். பிடித்து உட்கார வைத்தேன். ஜெர்ரி பேர்டு என்ற அமெரிக்கர் இதைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தார். இன்று லேப் ஸ்டீல் பாடங்களில் பெரும்பகுதி சி6-ஐ வைத்தே சொல்லப்படுகிறது என்பதும் ஒரு வசதி.

இனி செலவுக் கணக்கு.

ஜி-யில் ஆறாம் தந்தி தாழ்ந்த டி, ஏறக்குறைய 73 ஹெர்ட்ஸ். சி6-இல் ஆறாம் தந்தி சுமார் 131 ஹெர்ட்ஸில் இருக்கும் சி. அதாவது பத்து அரைச்சுரம் மேலே. ஐந்தாவது ஒன்பது, நான்காவது ஐந்து அரைச்சுரம் மேலே. ஐந்து அரைச்சுரம் என்றாலே இழுவிசை முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. ஒரு கிறிஸ்மஸ் காரல் இரவில், பக்கத்துச் சபையிலிருந்து வந்த ஒருவர் சி6-இல் வாசித்ததைக் கேட்ட வேகத்தில், நான் இருந்த தந்தியிலேயே மாற்றப் பார்த்தேன். நான்காம் தந்தி ஜி-யை எட்டுவதற்கு முன்பே அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. அடுத்த வீட்டுக்கு ஐந்து தந்தியோடு போனேன். ஓபன் ஜி கட்டில் மிகத் தடித்த தந்தி பெரும்பாலும் 56, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 56 பங்கு. சி6 கட்டில் அது 36 அளவில் இருக்கும். இரண்டும் வேறு வேறு கட்டுகள்.

கடைக்காரர் சொல்லாத செலவு நட்டில் இருக்கிறது. லேப் ஸ்டீலில் எல்லாத் தந்திகளின் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் துண்டு எல்லாவற்றையும் சமமாகத் தொடும். 56-க்கு வெட்டிய பள்ளத்தில் 36-ஐப் போட்டால் அது தாழ உட்காரும். துண்டு அதன்மேல் முழுதாகப் படியாது, கரகரவென்று ஒரு சத்தம் வரும். புது நட் வெட்ட வேண்டும், அல்லது பள்ளத்தை நிரப்பி மறுபடி அராவ வேண்டும். அதைச் செய்தபின் ஜி-க்குத் திரும்ப நினைத்தால் மறுபடி அதே வேலை.

அடுத்தது வலக்கை. ஜி, டி இரண்டிலும் எல்லாத் தந்தியையும் வாரி மீட்டினாலும் மேஜர்தான் கேட்கும், தவறே செய்ய முடியாது. சி6-இல் வாரி மீட்டினால் த-வும் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொரு பாட்டும் கடற்கரை விடுதியில் வாசிப்பதுபோல ஆகிவிடும். எந்தத் தந்தியை மீட்டுவது என்பதைவிட எதை மீட்டாமல் விடுவது, மீட்டியதை எப்போது அமுக்குவது என்பதே இங்கே பாடம். மேல்பக்கம் மேஜர் வேண்டுமென்றால் மூன்றாம் தந்தியைத் தாண்டி நான்கு, இரண்டு, ஒன்றை எடுக்க வேண்டும். அந்தத் தாண்டல் விரலில் ஏற எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

ஜி7 போன்ற ஏழாம் கார்டுகளுக்கு இதில் நேரான இடம் கிடையாது. துண்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது பேஸ் ஜி-யைப் பிடிக்கும்போது நீங்கள் 5ஆம் கோட்டில் டி மைனரை வைத்துச் சமாளிக்கலாம். ஜி9-இன் மேல்பாதி அது. பேஸ் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. தனி ஆளாக வாசித்தால் அடியில் ஒன்றுமில்லாமல் மெலிந்து கேட்பதும் இந்த டியூனிங்கின் குணம். கீர்த்தனைக்கு? முதல் தந்தியே காந்தாரம். காந்தாரம் அசைய வேண்டிய ராகங்களில் வெறும் தந்தி மொட்டையாக நிற்கும். ஸ முதல் தந்தியில் 8ஆம் கோட்டில் இருக்கிறது. ராகம் வாசிக்க முடியாது என்று சொல்லமாட்டேன். வலிந்து வாசிக்க வேண்டும்.

டியூனர் பற்றி ஒரு வரி. மூன்று டியூனிங்கிலும் காந்தாரத் தந்தியை டியூனரின் பச்சை விளக்கு காட்டும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை, 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் 14 பங்கு) அளவு, இறக்கினால் கார்டு உருகி ஒன்றாகும். சி6-இல் இரண்டு ஈ-யோடு ஏ-யையும் ஏறக்குறைய அதே அளவு இறக்குங்கள். இல்லையென்றால் மேஜர் இனிக்கும், மைனர் கசக்கும்.

மற்றவை

ஏ6 (சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஏ, சி ஷார்ப், ஈ) சி6-இன் சகோதரன். முதல் தந்தி க-வுக்குப் பதிலாக ப. சி6 வேண்டும், ஆனால் மேலே பஞ்சமம் பழகிவிட்டது என்பவர்கள் பார்க்கலாம். ஏழாம் கார்டுக்கென்றே ஈ7 வகைகள் உண்டு. எட்டுத் தந்தி, இரட்டைக் கழுத்து லேப் ஸ்டீல்களும் இருக்கின்றன. மூவரில் யாருக்கும் இன்றைக்கு அவை தேவையில்லை.

ஒரே பார்வையில்

| | ஓபன் ஜி | ஓபன் டி | சி6 |
|---|---|---|---|
| ஸ்வர அடுக்கு (6இலிருந்து 1) | ப ஸ ப ஸ க ப | ஸ ப ஸ க ப ஸ | ஸ க ப த ஸ க |
| சேரும் கட்டை | 5 | 2 | 1 |
| முதல் தந்தியில் ஸ | 5ஆம் கோடு | வெறும் தந்தி, 12 | 8ஆம் கோடு |
| நேர் பிடிப்பில் மைனர் | கீபோர்டு துணையோடு | மூன்றாம் தந்தியை இறக்கினால் | தாராளமாக |
| தனியாக வாசிக்க | நன்று | மிக நன்று | மெலிவு |
| பாமாலை | போதும் | போதும் | மிக நன்று |
| கீர்த்தனை | சுமார் | மிக நன்று | வலிந்து |
| ஜி-யிலிருந்து மாற | – | டியூனர் போதும் | புதுக் கட்டு, நட் வேலை |
| எனக்குப் பழக ஆனது | – | மூன்று வாரம் | நான்கு மாதம் |

யாருக்கு எது

பாறசாலை மாணவனுக்கு சி6 என்றேன், ஒரு நிபந்தனையோடு. இருக்கும் கருவியில் கை வைக்காமல், சி6-க்கென்று இன்னொரு லேப் ஸ்டீல் தேடச் சொன்னேன். பழையதாக இருக்கலாம், சிறியதாகவும் இருக்கலாம். 1930-களின் ஆரம்பத்தில் வந்த ரிக்கன்பேக்கர் 'வாணலி' லேப் ஸ்டீலிலேயே 22.5 அங்குலத் தந்தி நீளம் உண்டு. மேலேறும் சி6-க்கு நீளம் குறைந்தது நல்லதே, அதே சுருதிக்குத் தந்தியில் விசை குறையும். உற்சவக் காலம் முடியும்வரை ஜி-யில் அந்த இரண்டு தந்தி மைனரை வைத்து ஓட்டட்டும். பருவத்தின் நடுவில் டியூனிங் மாற்றுவது, ஆற்றின் நடுவில் தோணி மாறுவது.

குலசேகரத்துக்காரர் ஓபன் டி-க்குப் போகலாம் என்றேன். அடியில் ஸ-வும் ப-வும் சேர்ந்து முழங்கும். கட்டைவிரல் அதைத் தட்டிக்கொண்டிருக்க, முதல் தந்தியில் மெட்டு. பேஸ் இல்லாத குறையே தெரியாது. மைனர் பாட்டு வந்தால் மூன்றாம் தந்தியை எஃப்-க்கு இறக்கினால் முழு டி மைனர் கிடைக்கிறது. அவர் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது: "வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன எனக்கு, பிக் போட்டு வாசித்தால் தந்தி தெரியுமா?" தெரியாது. தந்தியைத் தடவிப் பார்த்து அறிய வேண்டிய சி6 அவருக்கு இன்னும் கடினமாக இருந்திருக்கும். எந்தத் தந்தியில் பட்டாலும் இனிக்கும் டியூனிங் அவருக்கு ஏற்றது.

ஆசிரியருக்கும் டி-தான், மூன்றாம் தந்தி மட்டும் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். அவர் தயங்கினார். பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி ராகங்களைக் கிட்டாரில் வழுக்கியதும், விஸ்வ மோகன் பட் மோகன வீணையோடு 1994இல் கிராமி வரை போனதும் அவருக்குத் தெரியும். "விஸ்வ மோகனைப்போல அடியில் தானாகக் கூட அதிரும் பரிவுத் தந்திகள் பொருத்தலாமா தம்பி?" என்றார். பத்து சாவி கூடும், மழைக்காலத்தில் அத்தனையையும் தினம் சுருதி சேர்க்க வேண்டும் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

மாறுகிற முதல் வாரத்தில் பாட்டே வாசிக்க வேண்டாம் என்று மூவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு தந்தியையும் மீட்டும்போது அதன் ஸ்வரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய டியூனிங்குக்கு அந்த ஏழு நாளும் திரும்பக் கூடாது. தந்தியை இறக்கும்போது வேண்டிய சுருதிக்குக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் இரண்டாம் அடிக்குள் இளகிவிடும்.

ஆசிரியர் போன ஞாயிறு வந்திருந்தார். மூன்றாம் தந்தியின் சாவியில் மகளின் நகப்பூச்சால் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறார்: சிவப்பு வந்தால் அந்தர காந்தாரம், நீலம் சாதாரண காந்தாரம், மஞ்சள் மத்தியமம். புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டு, மிச்சத்தைக் காதால் சரிசெய்கிறார். கரகரப்ரியாவில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். பல்லவி முடியும்வரை நன்றாகத்தான் போயிற்று. அனுபல்லவியில் வலக்கை விரல் மறந்துபோய் இரண்டாம் தந்திக்குப் போயிற்று. "பழைய வீடு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பித்தார்.